வியட்நாமிய நண்பர் வீட்டுத் திதிக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள்

2023ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்விசாவின் காலத்தை வியட்நாம் அரசு 90 நாளாக நீட்டித்தது. அன்றிலிருந்து நம்மவர்களின் பயணப் படங்களில் அந்த நாடு நிலையாக இடம்பிடித்துவிட்டது. பானா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் பொன்னிறப் பாலம், ஹாலாங் விரிகுடாவில் படகு, கூச்சி சுரங்கம் என்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சுற்றை நான் குறைத்துப் பேச வரவில்லை. சேமித்த பணத்தில் பெற்றோரை அழைத்துச் சென்று கடலும் மலையும் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கூட வேலை பார்க்கும் வியட்நாமிய நண்பர் ஒருவர் மனதார வீட்டுக்கு அழைத்தும், அந்த அழைப்பைச் சுற்றுலாவின் நடுவே ஒரு மதியச் சாப்பாடாகச் சுருக்கிவிட்டுத் திரும்புகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த நாட்டில் பார்ப்பதற்கு ஆகப் பெரிய இடம் ஒரு வீட்டின் நடுக்கூடம்தான் என்பது என் உறுதியான கருத்து. அதிலும், அந்த வீட்டில் திதி நடக்கும் நாளில் போய் இருப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

சிங்கப்பூரில் என்னோடு பணிபுரியும் தோழியின் சொந்த ஊர் மீகாங் கழிமுகத்தில் உள்ள பென்திரே. தென்னந்தோப்புகளுக்கும் தேங்காய் மிட்டாய்க்கும் பேர்போன பகுதி அது. சைகோனிலிருந்து (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 2009இல் ராக் மியூ பாலம் திறக்கப்படும்வரை அந்த ஊர்க்காரர்கள் மிதவைப் படகுக்கு வரிசையில் நின்றுதான் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். 2025 ஜூலை 1 அன்று நாட்டின் 63 மாகாணங்களும் நகரங்களும் 34 ஆகக் குறைக்கப்பட்டபோது பென்திரே மாகாணம் வின்லோங்கோடு சேர்க்கப்பட்டுவிட்டது. மாவட்டம் என்ற அடுக்கே நிர்வாகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அரசுத் தாள்களில் முகவரி மாறிவிட்டாலும், அந்த வீட்டில் யாரும் தங்களை வின்லோங்காரர் என்று சொல்லி நான் கேட்கவில்லை. தோழியின் தாத்தாவுக்குத் திதி, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள், நீயும் வா என்று அழைத்தாள். அங்கே அதை யோ என்கிறார்கள். இறந்தவரின் நாளைச் சந்திரக் கணக்குப்படியே பார்ப்பதால், நம் வீடுகளில் திவசத்துக்குத் திதி பார்த்து வளர்ந்த எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

விசேஷம் முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. நாங்கள் போய் இறங்கியபோது முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்த பசையரிசியைத் தேங்காய்ப்பாலில் கிளறி, இலையில் பரப்பி, நடுவில் பாசிப்பருப்பை நீளவாக்கில் வைத்து, உருளையாகச் சுருட்டி நாரால் கட்டும் பான் தெத் என்ற பண்டத்தை, தோழியின் பெரியத்தை கண்ணால் பார்க்காமலே கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்து, விரற்கடைக்கு ஒரு சுற்று என்று கயிறு ஏறும் வேகத்தில் அவர் பேச்சும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. என்னிடம் ஓர் இலையைக் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாரே தவிர, எழுந்து போ என்று சொல்லவில்லை.

வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் போவது நடுக்கூடத்தில் இருக்கும் முன்னோர் பீடத்துக்கு. துலக்கிய பித்தளைத் தூபக்கிண்ணம், இரு பக்கமும் விளக்குத் தண்டுகள், பழத்தட்டு, பின்னால் வரிசையாகப் புகைப்படங்கள். மூன்று ஊதுபத்திகளைக் கொளுத்திக் கும்பிட்டு, சாம்பலில் நட்டுவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்களிடம் நலம் விசாரிக்கிறார்கள். திதி தாத்தாவுக்கு என்றாலும் அவருக்கு முன் போனவர்கள் எல்லாரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். சோறு, இளநீரில் முட்டையோடு வெந்த பன்றியிறைச்சி, பாகற்காய்ச் சாறு, மீன், கீரை எல்லாம் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, ஊதுபத்தி எரிந்து முடியும்வரை வீடு காத்திருக்கிறது. அதன் பிறகே அந்த உணவு இறக்கப்பட்டு மற்றவர்களுக்குப் பரிமாறப்படுகிறது. பசியோடு ஓடிவந்த சிறுபிள்ளைகள்கூட அந்த நேரத்தில் தட்டின் பக்கம் கை நீட்டவில்லை.

என் வயதை முதல் நாளே பலர் கேட்டுவிட்டார்கள். சிலருக்கு இது அநாகரிகமாகப் படலாம். வயதும் உறவுமுறையும் தெரியாமல் அங்கே யாரும் யாரையும் விளிக்க முடியாது என்பது புரிந்துவிட்டால் சங்கடம் போய்விடும். தென்பகுதிக் குடும்பங்களில் மூத்த பிள்ளையை இரண்டாமவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்தவர் மூன்றாமவர், அவரை மணந்து வருகிறவருக்கும் அதே எண். பெரியப்பாவின் மகன் சிறுவனாகவே இருந்தாலும், சித்தப்பாவின் மகனான நரைத்த தலைக்காரர் அவனை முறைப்படி அண்ணன் என்கிறார். எனக்குத் தோழியின் தங்கை என்ற இடம் கிடைத்தது. அந்த இடம் உறுதியானதும் யாருக்கு நான் தேநீர் ஊற்ற வேண்டும், எனக்கு யார் மீனின் முள்ளெடுத்து வைப்பார்கள் என்பதெல்லாம் தானாகத் தீர்ந்துவிட்டது. ஐந்து நட்சத்திர விடுதியின் உபசரிப்பு எதுவும் இப்படி ஒரு நிம்மதியைத் தர முடியாது.

நான் இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்தப் புகைப்படங்கள்தான். தாத்தாவின் தம்பிகள் இருவரின் படங்கள் ஒரே வரிசையில் இருந்தன. 1960 ஜனவரியில் தென் வியட்நாம் அரசுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்த ஊர் பென்திரே. அந்த அலையில் மூத்த தம்பி கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய விடுதலை முன்னணியில் சேர்ந்து, 1968இல் தெத் என்ற சந்திரப் புத்தாண்டையொட்டி முன்னணி தொடுத்த தாக்குதலில், பென்திரே நகரம் குண்டுவீச்சில் பெருஞ்சேதமடைந்தபோது இறந்திருக்கிறார். இளையவரைத் தென் வியட்நாம் அரசின் ராணுவம் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது; அவர் 1972இல் இறந்திருக்கிறார். மூத்தவருடைய படத்துக்கு அருகில், சுவரில், போரில் வென்ற தரப்பின் அரசு வழங்கிய தியாகிச் சான்றிதழ் தேசியச் சின்னத்தோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆண்டுதோறும் ஜூலை 27 அன்று தியாகிகள் நாளில் அவருடைய கல்லறைக்கு மரியாதை உண்டு. இளையவருக்கு அப்படி ஒரு தாளும் இல்லை, நாளும் இல்லை. அவரைப் போன்றவர்கள் பல்லாயிரம் பேர் புதைக்கப்பட்ட பியன் ஹோவா ராணுவக் கல்லறைத் தோட்டம் 2006இல்தான் ராணுவத்தின் கையிலிருந்து பொது நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது.

ஆனால் பீடத்தில் இருவருக்கும் ஒரே அளவு சட்டம், ஒரே தூபக்கிண்ணம், ஒரே சோறு. தொண்ணூறை நெருங்கும் பாட்டி இருவர் பெயரையும் சொல்லித்தான் சாப்பிட அழைத்தார். சைகோனில் உள்ள போர் அருங்காட்சியகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே காட்டப்படும் கொடுமைகள் உண்மை. அமெரிக்கக் குண்டுகளும் நச்சுத்தூவலும் அந்த மக்களுக்குச் செய்ததை எவரும் மறக்கக் கூடாது. ஆயினும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிரெதிர் சீருடையில் செத்ததை அந்தக் கட்டடம் எனக்குச் சொல்லவில்லை. அரசு ஒருவரை மட்டும் நினைக்கும்போது, குடும்பம் இருவருக்கும் சோறு வைத்து அரை நூற்றாண்டாகக் கணக்கை நேர்செய்துகொண்டிருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த எந்த நாட்டுக்காரருக்கும், குறிப்பாக இலங்கைப் போரில் வீட்டுப் பிள்ளைகளை இழந்த நம் மக்களுக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போரைப் பற்றி விருந்தாளி வாய் திறந்து கேட்கக் கூடாது என்பது என் கருத்து. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தோழியின் அப்பா, இரண்டாம் நாள் இரவு, படங்களைத் துடைத்துக்கொண்டே தானாகச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் இன்னொரு கிளையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் படகேறி, மலேசியாவின் பீடோங் தீவு அகதி முகாமில் காத்திருந்து, கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த அத்தை. 1995இல் அமெரிக்காவும் வியட்நாமும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட பிறகுதான் அவர் அம்மாவின் முகத்தை மறுபடி பார்த்திருக்கிறார். இப்போது ஸாலோ செயலியில் காணொளி அழைப்பு போட்டு, பீடத்தின் முன் வைத்த ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டச் சொல்லி, பாகற்காய்ச் சாற்றில் வெங்காயத்தாள் போதவில்லை என்று அங்கிருந்தே குறை சொன்னார்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பெண்கள், கூடத்தில் ஆண்கள் ஒரே கோப்பையைச் சுற்றவிட்டு அரிசிச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த நேரத்திலும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அங்கே தென்பகுதியில் கடைசி மகன்தான் பெரும்பாலும் பெற்றோரோடு இருந்து பீடத்தைக் காக்கிறான். அதாவது, நடைமுறையில், கடைசி மருமகள் ஆண்டுக்குப் பல திதிகளை ஒற்றை ஆளாகச் சுமக்கிறாள். தோழியின் அம்மா அந்த மருமகள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தது விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகுதான். மரபின் அழகைப் பேசும்போது அதன் பாரம் யார் தோளில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நம் வீடுகளிலும் நிலைமை வேறல்ல. தோழியின் தலைமுறைப் பெண்கள் இப்போது சில பண்டங்களை வெளியில் சொல்லி வாங்குகிறார்கள், பாத்திரம் கழுவத் தம்பிகளை இழுத்துவருகிறார்கள். பாட்டிக்கு முதலில் பிடிக்கவில்லையாம், இப்போது பழகிவிட்டது.

நண்பர் வீட்டில் தங்கினால் அவர்களுக்குத் தொல்லைதானே என்று கேட்பவர்களுக்கு: ஆம், தொல்லைதான். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் உள்ளூர்க் காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். கடவுச்சீட்டுப் படத்தையும் விசாவையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அந்த வேலை எளிதாக முடிந்துவிடும். வந்து இறங்கிய பிறகு தேடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத்தான் அலைச்சல். பரிசை அளவாக வாங்குங்கள். பழம், கேக், நல்ல தேயிலை போதும். விலை உயர்ந்த பொருளைக் கொடுத்தால் திருப்பிச் செய்ய வேண்டிய கடனை அந்தக் குடும்பத்தின் தலையில் ஏற்றுகிறீர்கள். குடிக்காதவர்கள் முதல் சுற்றிலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் தயங்க வேண்டாம்: சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் சைவம் இருக்கும் பெண்கள் பல வீடுகளில் உண்டு. ஆனால் மீன்சாறு எதில் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாததால், முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது பண்டங்களைப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். மறுக்காதீர்கள். வந்தவர் வெறுங்கையோடு போனால் அந்த வீட்டுக்கு மனம் ஆறாது.

சமையற்கட்டில் உதவ முடியுமானால் உதவுங்கள், ஆண்களும்தான். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்; பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று தற்படம் எடுக்காதீர்கள்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நண்பரிடம் திதி எந்த நாளில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள். சந்திரக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். நண்பரே வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டுத்தான் சொல்வார். தெத் புத்தாண்டை ஒட்டிப் போவதாக இருந்தால் விமானக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் எகிறிவிடும், பல கடைகள் சில நாட்களுக்குத் திறக்காது, குடும்பமும் ஏற்கெனவே நிரம்பி வழியும். ஆகவே முதன்முறை போகிறவர்களுக்குத் தெத்தைவிட ஒரு சாதாரண மாதத்துத் திதியே ஏற்றது. முந்தைய நாள் மதியத்துக்குள் அந்த வீட்டில் இருப்பதுபோல் கிளம்புங்கள். வாழையிலை துடைக்கிற வேலை அப்போதுதான் தொடங்கும்.