பெரிய டேங்க்தான் சுலபமாம்!

"வாங்குறதுன்னா பெரிய டேங்க்கா வாங்கிடுங்க, சின்னதைவிட அதுதான் சுலபம்." வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன் தொட்டி, வைக்க ஆசைப்பட்டு வாயைத் திறக்கும் ஒவ்வொருவர் காதிலும் முதலில் ஓதப்படும் மந்திரம் இது. யாருய்யா இதைக் கிளப்பிவிட்டது? அந்த மகராசன் கையில் 20 லிட்டர் வாளி ஒன்றைக் கொடுத்து, 350 லிட்டர் உப்புத் தண்ணீரை மாற்றிவிட்டு வந்து பேசு என்று சொல்ல வேண்டும். வெளியே கொட்டப் பதினெட்டு நடை, உள்ளே ஊற்றப் பதினெட்டு நடை.

அந்த மந்திரத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் கொடுமை. 40 லிட்டர் டேங்க்கில் இரண்டு நாள் ஆவியான தண்ணீரை நிரப்ப மறந்தால் உப்பின் அளவு விறுவிறுவென்று ஏறும். 700 லிட்டரில் அது மெதுவாகத்தான் ஏறும். சரி. ஆனால் மெதுவாக ஏறியது மெதுவாகத்தானே இறங்கும்? மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) போய்விட்டது, 20-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். சின்ன டேங்க்காரருக்கு அது ஒரு வாளி. பெரிய டேங்க்காரருக்கு அது 350 லிட்டர் ஆர்ஓ-டிஐ (சவ்விலும் பிசினிலும் வடிகட்டிய) தண்ணீர், 13 கிலோ உப்பு, ஒரு முழு நாள், பிறகு இடுப்பு வலி. தப்பு நடந்ததே பல வாரம் கழித்துத்தான் கண்ணில் படும். தெரியும்போது அதன் அளவும் பெரிய டேங்க் அளவில்தான் இருக்கும்.

எடையில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் விற்கிறவர் வாயிலிருந்து வராத முதல் எண் அதுதான். 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். எல்லாரும் ஆசைப்படும் அளவு. ததும்பத் ததும்ப 648 லிட்டர், கடல்நீராக எடை போட்டால் சுமார் 660 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 120 கிலோ. பாறை, மணல், ஸ்டாண்டு, கீழே சம்ப்பில் (ஸ்டாண்டுக்குள் இருக்கும் துணைத் தொட்டி) இன்னொரு 100, 150 லிட்டர். கூட்டிப் பாருங்கள், ஒரு டன் தாண்டிவிட்டது. அது நிற்கும் இடம் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். வீட்டுத் தளங்களுக்குக் கணக்கிடப்படும் பயன்பாட்டுப் பளு பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் இருக்கும். அது அறை முழுக்கப் பரவும் கணக்கு என்பதால் டேங்க் உடனே கீழ்த்தளத்துக்குப் போய்விடாது. ஆனால் தரைத்தளம் இல்லையென்றால் சுமை தாங்கும் சுவரை ஒட்டி, உத்திரங்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும், அதற்கு முன் கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் கேட்க வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் அழகாக இருக்கும் என்று நடு அறையில் வைப்பவரிடம் என்ன பேசுவது?

மட்டம் பார்ப்பதிலும் இதே அலட்சியம். ஒரு பக்கம் 5 மி.மீ. சாய்ந்திருந்தால் டேங்க்குக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே சீவல் கட்டை சொருகுகிறார்கள். கண்ணாடி அந்த இரண்டு புள்ளியில் மட்டும் உட்கார்ந்து விரிசல் விட அதைவிடச் சுலபமான வழி இல்லை. கட்டை வைப்பதென்றால் ஸ்டாண்டின் காலடியில், தரைக்கு மேல். பிறகு வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் விட்டு, மறுபடி மட்டம் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட மனசு வராதவர்தான் பின்னால் உப்புத் தண்ணீரைத் தரையில் துடைக்கிறார்.

இப்போது வயிறு எரியும் இடத்துக்கு வருவோம். பிளம்பிங். லைட்டுக்கு மாதக்கணக்கில் ஆராய்ச்சி, எந்த எல்இடி, எத்தனை பார், எந்த நீலம். டேங்க் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோவுக்கு? ஒரே ஒரு குழாய், அதில் ஒரு பால் வால்வு. ஒற்றைக் குழாயில் ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் போதும். மேலே வருகிற தண்ணீர் கீழே போக வழியில்லாமல் விளிம்பைத் தாண்டி வழியும். தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், சம்ப்பில் தன் அறையில் இருக்கும் கடைசிச் சொட்டு வரை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதன் வேலை அதுதானே. பெரிய டேங்க்குக்கு மூன்று குழாய் வேண்டும். ஒன்று காற்றே புகாமல் குழாய் நிறையத் தண்ணீர் இறங்கும் முழு சைஃபன், சத்தமே வராது. இரண்டாவது சற்று உயரத்தில், சைஃபனுக்கு மிஞ்சிய தண்ணீர் மட்டும் சொட்டு சொட்டாக விழ. மூன்றாவது இன்னும் உயரத்தில், உலர்ந்து, எதற்கும் பயன்படாமல் சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கும் குழாய்தான் ஒரு நாள் வீட்டைக் காப்பாற்றும், அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள். சைஃபன் குழாயில் கேட் வால்வு போடுங்கள், பால் வால்வு அல்ல. பால் வால்வு கால் சுற்றில் முழுவதும் திறந்து மூடிவிடும், தலைமுடி அளவு திருப்பினாலே நீர்மட்டம் எகிறும். கேட் வால்வைச் சுற்றிச் சுற்றித் திருத்தலாம்.

பல்க்ஹெட்டில் (கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) ரப்பர் கேஸ்கெட் விளிம்பு இருக்கும் பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பானரை எடுத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி ஒழுகும், கண்ணாடி உடைந்தாலும் ஆச்சரியமில்லை. பம்ப்புக்கு இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வையுங்கள். வைக்காதவர் பம்ப்பைக் கழுவ ரம்பம் எடுக்க வேண்டியிருக்கும். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய கிளாம்ப் எதுவும் தண்ணீர் தொடும் இடத்தில் வேண்டாம். மீன் ஒருவேளை தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

"கரண்ட் போனால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு "செக் வால்வு போட்டிருக்கேன்" என்று பெருமையாகப் பதில் வருமே, அப்போதுதான் ரத்தம் கொதிக்கும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் அந்த வால்வுக்குள் கோரலைன் பாசியும் சுண்ணாம்புக் குழாய்ப் புழுக்களும் குடியேறப் பல மாதம்கூட ஆகாது. பிறகு அது மூடாது. கணக்கு ரொம்பச் சாதாரணம்: ரிட்டர்ன் நாசில் (பம்ப் குழாயின் வாய்) நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அந்தக் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இழுக்கும். 180 பெருக்கல் 60 பெருக்கல் 10, அதாவது 108 லிட்டர். 90-க்கு 40 அடிப்பரப்புள்ள சம்ப்பில் அது 30 செ.மீ. ஏறும். 40 செ.மீ. உயரச் சம்ப்பை 22 வரை நிரப்பி ஓட்டினால் மிச்சமெல்லாம் தரைக்கு. அதே நாசில் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 22 லிட்டருக்குள் முடிந்துவிடும். எனவே நாசிலை மேலே ஏற்றுங்கள், அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்றுப் புகுந்து இழுப்பு நிற்க, ஒரு சின்னத் துளை போட்டு அதை வாரம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யுங்கள், பிறகு பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்திச் சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏறி நின்ற இடத்தில் ஒரு கோடு. பம்ப் ஓடும்போது இருக்கும் மட்டத்தில் இன்னொரு கோடு. அதற்கு மேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு ஸ்கெட்ச் பேனா போதும், அதற்குமா ஆப் தேடுவது!

தண்ணீர். 75 கேலன் ஆர்ஓ மெம்பரேன் என்றால் நாளைக்குச் சுமார் 284 லிட்டர், அதுவும் சரியான அழுத்தமும் 25 டிகிரி நீரும் இருந்தால். 700 லிட்டர் சேர இரண்டரை நாள் ஓட வேண்டும், கூடவே இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கழிவாகப் போகும். அழுத்தம் குறைந்தால் நாள்களும் கூடும், கழிவும் கூடும். "குடிக்கிற தண்ணிதானே, நல்லாத்தானே இருக்கு" என்று குழாய் நீரில் உப்பைக் கலக்குபவர்கள் பாஸ்பேட்டையும் சிலிகேட்டையும் தாங்களே ஊற்றிவிட்டு, பிறகு பாசி ஏன் வருகிறது என்று நம்மிடமே வந்து நிற்பார்கள். டிஐ-க்குப் பிறகு டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். 3 காட்டினால் டிஐ பிசின் முடிந்தது என்று அர்த்தம், "பரவாயில்லை" என்று அர்த்தமல்ல.

லிட்டருக்கு 37 கிராம் போல உப்பு, 700 லிட்டருக்கு 26 கிலோ. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வர வேண்டும். நீரில் உப்பைக் கொட்ட வேண்டும், உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து, கால்சியமும் கார வலுவும் (ஆல்கலினிட்டி) அங்கேயே குறையும். உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தால் திருத்துங்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-லும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு ஆள் வருவார், ஆவியான தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரையே ஊற்றுபவர். ஐயா, ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் கிடக்கிறது! தினம் 7 லிட்டர் உப்பு நீரை ஊற்றினால் பத்தே நாளில் 35 என்பது 38.5. நன்னீரைத் தானாக ஊற்றும் ஏடிஓ கருவி வைத்தவர்களாவது நிம்மதியா என்றால், சிலர் அதை ஆர்ஓ குழாயில் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். மிதவை ஒருமுறை சிக்கினால் ஊர்த்தண்ணீர் முழுக்க டேங்க்குக்குள். 20 லிட்டர் தனித் தொட்டி வையுங்கள். சிக்கினாலும் 35 என்பது 34-க்குத்தான் இறங்கும்.

ஹீட்டரிலும் இதே கதை. 600 வாட் ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். அதன் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் 700 லிட்டர் நீர் மணிக்கு முக்கால் டிகிரி ஏறும், தூங்கி எழும் 8 மணி நேரத்தில் 6 டிகிரி. 26 என்பது 32. பவளம் வெளுத்துக் கிடக்கும். 300 வாட் இரண்டு போட்டு, வெளியே தனிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தால், ஒன்று ஒட்டினாலும் 3 டிகிரிக்குள் நிற்கும். வயர்கள் தொங்கி வளைந்து பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்ததும் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். உப்பு நீர் கையோடு விளையாடிக்கொண்டு அது இல்லாமல் இருப்பது தைரியம் அல்ல.

சைக்கிள் (அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா டேங்க்கில் வளரும் காலம்) பற்றிப் பேச எதுவும் இல்லை. 2 பிபிஎம் அம்மோனியா போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும் வரை மீன் கிடையாது. நான்கு வாரமோ ஆறு வாரமோ.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எரிச்சல். உலர்ந்த பாறையில் மூன்றாம் வாரம் பழுப்பு டயாட்டம் பாசி வரும், பிறகு பச்சை மயிர்ப்பாசி, இடையில் சிவப்புப் படலமாகச் சயனோபாக்டீரியா. அது வரும், போகும். பார்த்ததும் பதறிப்போய் பாஸ்பேட் உறிஞ்சி, நைட்ரேட் குறைக்கும் பாட்டில், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் வைத்து இரண்டையும் பூஜ்யமாக்குகிறார்கள். போட்டியே இல்லாத அந்த வெற்றுப் பாறையில்தான் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்) ஏறும், காற்றுக் குமிழி கோத்த சளி போல. மயிர்ப்பாசியை நத்தையும் கையும் சேர்ந்து தீர்க்கும். டைனோவைத் தின்னும் நத்தை செத்துக்கூடப் போகலாம். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று விட்டுவையுங்கள். பவளத்துக்கும் சோறு வேண்டாமா?

கார வலுவை 8, 9 டிகேஹெச்சில் (கார வலுவை அளக்கும் அலகு) ஆடாமல் வைத்தால் போதும். 700 லிட்டரில் 1 டிகேஹெச் ஏற்ற 21 கிராம் சோடியம் பைகார்பனேட். கல் பவளங்கள் நிறைந்ததும் தினம் 2 டிகேஹெச் தின்னும், அதாவது தினம் 42 கிராம், கூடவே 14 பிபிஎம் அளவுக்குக் கால்சியம். ஸ்பூனால் சமாளிக்க இது உப்புமா அல்ல. டோசிங் பம்ப் (அளந்து ஊற்றும் கருவி) வைத்து, கார வலு, கால்சியம் என்ற இரண்டு திரவங்களையும் வெவ்வேறு நேரத்தில், நல்ல நீரோட்டமுள்ள இடத்தில் விடுங்கள். ஒரே இடத்தில் ஒன்றாக விட்டால் சுண்ணாம்பு மழை.

ஒன்றை மட்டும் கோபமில்லாமல் சொல்கிறேன்: ஸோவாந்தஸ், பாலிதோவா என்னும் பவள வகை உயிர்கள் ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்ய ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது, அந்த ஆவி வீட்டில் உள்ள எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கோபத்துக்குத் திரும்புவோம். இவ்வளவும் முடித்தவர் கடைசியில் என்ன செய்வார்? கவரில் வந்த நீல டேங் மீனை, தனிமைத் தொட்டி எதுவும் இல்லாமல், நேராக உள்ளே விடுவார். "பெரிய டேங்க்தானே, தாங்கும்." நான்காவது நாள் உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி. செம்பு மருந்து ஊற்றினால் குணமாகும், ஆனால் ஊற்ற முடியாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். மீனைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும், 180 செ.மீ. நீள டேங்க்கில் பாறைக் குகைக்குள் ஓடி ஒளியும் மீனை. வலையோடு இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, ஒட்டி அடுக்கிய பாறையை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலே வளர்ந்த பவளத்தோடு வாளியில் வைத்து, நீர்மட்டத்தை அரை அடிக்கு இறக்கிய பிறகுதான் மாட்டும். ஒட்டுண்ணி பட்டினியில் சாக, பெரிய டேங்க் மீனில்லாமல் 76 நாள் சும்மா ஓட வேண்டும், லைட்டும் பம்ப்பும் டோசிங்கும் எல்லாமும் வழக்கம் போல. சின்ன டேங்க் கஷ்டம் என்று சொல்லித்தானே இதை வாங்கினீர்கள்? அந்த 76 நாளும் மீன் இருக்கப்போவது 100 லிட்டர் தொட்டியில், தினம் செம்பும் அம்மோனியாவும் அளந்துகொண்டு.