முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்தால் கால் விழுந்துவிடுமா?

குறுவை நடவு முடிந்த கையோடு, மன்னார்குடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "டிஸ்க் விலகலுக்கு ஆபரேஷன் செய்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிடும், யாரும் போகாதீர்கள்" என்கிறது. இது தவறு.

மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டான தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முதுகெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு, அதிகம் பிதுங்குவதோ அதே பகுதியின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலும் அதற்குக் கீழேயும்தான். அங்கே தண்டுவடம் இல்லை; இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்புகள். தொற்று, நரம்புக் காயம் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு காலும் முடங்குவது மிக அரிது.

சரி, பாதுகாப்பு? 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன்களுக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டு வெளியேறும் முன் என மூன்று முறை சரிபார்க்க வேண்டும். எந்த எலும்பு என்பதை ஆபரேஷன் மேசையிலேயே எக்ஸ்ரேயில் பார்த்து உறுதி செய்வார்கள். இதையெல்லாம் நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம், தயங்காதீர்கள்.

பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. மாத்திரை, உடற்பயிற்சியில் சில வாரங்களில் வலி குறையும். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றித்தான். வரப்பில் நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறதா? உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் அடைத்துக்கொள்கிறதா? அந்தப் பதிவை நம்பி வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நிலையில் தாமதம்தான் காலை முடக்கும்.