73 பந்துகளில் ஸ்னெல்லை வெளியேற்றியது தவறா?

2020 அக்டோபர் 27 அன்று டெக்சஸின் ஆர்லிங்டனில் நடந்த, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும், பேஸ்பால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல்லை, புள்ளிவிவரத்தை நம்பி டம்பா பே ரேஸ் அணி பாதியில் வெளியேற்றியது சரியா என்பதுதான் சர்ச்சை. “கணினியை நம்பிக் கோப்பையைக் கோட்டை விட்டார்கள்” என்பது ஒரு தரப்பு. “முடிவு சரியானதே, அதிர்ஷ்டம்தான் கைகொடுக்கவில்லை” என்பது மறு தரப்பு. இரண்டுமே கேள்வியைத் தவறாகக் கேட்கின்றன என்பது என் கருத்து.

நடந்தது இதுதான். தொடரில் 3-2 என முன்னிலையில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 1988க்குப் பிறகு முதல் கோப்பைக்காகக் காத்திருந்தது. டம்பா பே ரேஸ் அணிக்கோ தோற்றால் எல்லாம் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே ரேண்டி அரோசரேனா அடித்த ஹோம் ரன்னால் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) ரேஸ் 1-0 என முன்னிலை பெற, அதன் இடக்கை பிட்ச்சர் பிளேக் ஸ்னெல் அந்த ஒரு ரன்னைக் கட்டிக்காத்து வந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் ஆகியோரைத் தலா இரண்டு முறை சந்தித்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் (பந்தைக் களத்துக்குள் அடிக்க முடியாமலேயே அவுட்) ஆக்கியிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட் ஆன நிலையில் டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ், முதல் பேஸை அடையும்படி ஒரு சிங்கிள் அடித்தார். அது அந்த இரவில் ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட் மட்டுமே. அவர் வீசியிருந்தது 73 பந்துகள். ரேஸ் அணியின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

கிரிக்கெட்டில் ஒரு பௌலரை நிறுத்திவிட்டுப் பிறகு மீண்டும் அழைக்கலாம். பேஸ்பாலில் வெளியேறிய பிட்ச்சர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே, கேஷ் நடந்து வந்ததை ஸ்னெல் முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

கேஷுக்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரே பிட்ச்சரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்களின் கை ஓங்குகிறது என்பது பல்லாண்டுப் புள்ளிவிவரங்களில் உறுதிப்பட்ட ஒன்று. அந்தப் பிட்ச்சர் பந்தை விடுவிக்கும் விதமும், பந்து வளையும் போக்கும் அதற்குள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பருவத்தில் ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முழுமையாக முடித்ததில்லை. குறைந்த செலவில் அணியை நடத்தும் ரேஸ், இத்தகைய கணக்குகளைக் கறாராகப் பின்பற்றித்தான் அந்த இறுதிக் கட்டம் வரை வந்திருந்தது. கடைசி வாரத்தில் மட்டும் அதைக் கைவிட வேண்டும் என்பதில் தர்க்கம் இல்லை.

ஆனால், மூன்றாவது சுற்றில் ஸ்னெல் முன்பைவிடச் சற்று மோசமாக வீசுவார் என்றுதான் அந்தப் புள்ளிவிவரம் சொல்கிறது. அவருக்குப் பதிலாக வருபவர் அவரைவிட நன்றாக வீசுவார் என்று அது எங்குமே சொல்லவில்லை. ஒப்பிட வேண்டியது முதல் சுற்று ஸ்னெல்லையும் மூன்றாம் சுற்று ஸ்னெல்லையும் அல்ல. மூன்றாம் சுற்று ஸ்னெல்லையும், அந்த நிமிடத்தில் உள்ளே வரவிருந்த நிக் ஆண்டர்சனையும்தான். வழக்கமான பருவத்தில் ஆண்டர்சன் அசைக்க முடியாதவராக இருந்தார் என்பது உண்மை. பெருந்தொற்றால் சுருங்கிய அந்தப் பருவத்தில் அவர் வீசியதோ பதினாறு இன்னிங்ஸ் சொச்சம் மட்டுமே. இடையில் ஓய்வு நாளே இல்லாத பிளேஆஃப் (பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்று) சுற்றுகளைக் கடந்து வந்த அவர், அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் தொடர்ச்சியாக ரன் கொடுத்திருந்தார். ஆறு ஆட்டங்கள் சிறிய மாதிரி என்று புள்ளிவிவரப் பிரியர்கள் முணுமுணுப்பார்கள். சரி, பதினாறு இன்னிங்ஸ் மட்டும் பெரிய மாதிரியா? போதாக்குறைக்கு, அடுத்து அடிக்கவிருந்த பெட்ஸ் வலக்கை பேட்டர், ஆண்டர்சன் வலக்கை பிட்ச்சர். அந்த ஆண்டில் பெட்ஸ் திணறியதோ ஸ்னெல் போன்ற இடக்கை பிட்ச்சர்களிடம்.

பெட்ஸ் இரண்டாவது பேஸ் வரை ஓடும்படி ஒரு டபுள் அடித்தார். அடுத்து, ஆண்டர்சன் தாறுமாறாக வீசிய ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போனதில் பார்ன்ஸ் ஓடிவந்து சமன் செய்தார். சீகர் முதல் பேஸ் பக்கம் தட்டிவிட்ட பந்தில் பெட்ஸ் ரன் எடுக்கும் இடமான ஹோமை அடைந்துவிட, டாட்ஜர்ஸ் 2-1 என முன்னிலை பெற்றது. டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஸ்னெல் வெளியேறியதைக் கண்டு மகிழ்ந்ததாகப் பெட்ஸ் பிறகு மறைக்காமல் சொன்னார்.

இதை வைத்துக் கேஷை முட்டாள் என்பவர்களுக்கு 2003ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடரில், ஏழாவது ஆட்டத்தில், 5-2 என முன்னிலையில் இருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸின் மேனேஜர் கிரேடி லிட்டில், களைத்துப் போயிருந்த பெட்ரோ மார்ட்டினெஸை எட்டாவது இன்னிங்ஸில் வெளியேற்றாமல் விட்டார். எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் அதே இன்னிங்ஸில் சமன் செய்து, கூடுதல் இன்னிங்ஸ்களுக்குப் போன ஆட்டத்தை, பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னால் வென்றது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிட்ச்சரை நம்பியவருக்கு வேலை போயிற்று; நம்பாத கேஷுக்கோ இரண்டு வாரங்களில் அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. பிளேஆஃப்களுக்கு முன்பே வாக்களிப்பு முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஒரு ரன் முன்னிலையில், மூன்று இன்னிங்ஸுக்கு மேல் ஆட்டம் மீதமிருக்கையில், எந்தப் பிட்ச்சர் வீசினாலும் வெற்றி வாய்ப்பில் ஏற்படும் வேறுபாடு நாம் கோபத்தில் நினைக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்காது. முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு ரேஸ் பேட்டர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பலன் தராததால் வருந்துவதாகவும், தன் சிந்தனை முறை சரியானதே என்றும் கேஷ் ஆட்டத்துக்குப் பின் விளக்கினார். அதன் முற்பாதியை நான் ஏற்கவில்லை. பலனுக்காக அவர் வருந்த வேண்டியதில்லை. ஸ்னெல்லை எப்போது எடுப்பது என்பதற்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது, அவருக்குப் பதில் யாரை அனுப்புவது என்பதற்கும் காட்டியிருக்க வேண்டும்.