ஒரே ஊர், இரண்டு கார் கம்பெனிகள்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலை மூடப்பட்ட சமயத்தில் நிறையப் பேர் ஒரே மாதிரி எழுதினார்கள். இந்தியச் சந்தையே அப்படித்தான், வெளிநாட்டுக் கம்பெனியால் இங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று. இன்றைக்கும் யாராவது அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் ஓடிக்கொண்டிருக்கிறதே! அதுவும் வெளிநாட்டுக் கம்பெனிதான். அதே சென்னைத் துறைமுகம், அதே வரி, அதே ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தவை. ஃபோர்டு 1995இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. ஹூண்டாய் 1996இல் தனியாக வந்தது. அப்போது ஃபோர்டு என்றால் ஊருக்கே தெரியும். ஹூண்டாய் என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூட நமக்குத் தெரியாது.

ஃபோர்டு முதலில் இறக்கியது எஸ்கார்ட். ஐரோப்பாவில் 1990இலிருந்து ஓடிக்கொண்டிருந்த தலைமுறை அது. சின்ன மாருதி 800 ஓட்டிக்கொண்டிருந்த நாட்டுக்கு, பின்னால் டிக்கி நீட்டிய ஒரு பழைய செடான். 1999இல் வந்த ஐகான் நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் இந்தியர்கள் அதிகம் வாங்கிய சின்னக் கார் வகையில் ஃபோர்டு உருப்படியாக இறங்கியது 2010இல், ஃபிகோவோடுதான். பதினைந்து வருடம்!

ஹூண்டாய் என்ன செய்தது? அட்டோஸ் என்ற கொரிய மாடலை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி, 1998இலேயே சான்ட்ரோவாகக் கொண்டுவந்தது. டெல்கோவில் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) இருந்த பி.வி.ஆர். சுப்புவை அழைத்து விற்பனையை அவரிடம் கொடுத்தது. பெயர் தெரியாத கம்பெனியை நம்பவைக்க ஷாருக் கானை விளம்பரத்தில் நிறுத்தியது. கூடவே கொரிய உதிரிபாகக் கம்பெனிகளையும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அழைத்து வந்தது. எங்கள் வீட்டின் முதல் கார் சான்ட்ரோதான். கூரை உயரமாக இருந்ததால் தாத்தா தலை குனியாமல் ஏறி உட்கார்ந்தார். அப்பா அதை வாங்க அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

ஃபோர்டிடம் நல்ல வண்டியே இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் ஈக்கோஸ்போர்ட் வந்து சந்தையையே மாற்றியது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் எஸ்.யூ.வி. என்றால் அதுதான் என்ற நிலை. சென்னையில் செய்த அந்த வண்டி அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. அதனால் தயவுசெய்து நம் தொழிலாளியின் தரத்தைக் குறை சொல்லாதீர்கள். அப்புறம் மாருதி பிரெஸ்ஸாவோடு வந்தது, ஹூண்டாய் வென்யூவோடு வந்தது. ஃபோர்டு 2021 வரை அதே தலைமுறை ஈக்கோஸ்போர்ட்டையே ஒட்டுப்போட்டு விற்றுக்கொண்டிருந்தது. இருக்கிற ஆலையே நிரம்பாத நேரத்தில் குஜராத்தின் சானந்தில் சுமார் 100 கோடி டாலரில் இன்னொரு ஆலையையும் கட்டியது.

மஹிந்திராவோடு மறுபடி கூட்டு என்று 2019இல் அறிவித்தார்கள். 2020 கடைசி நாளில் அதுவும் முறிந்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இந்த ஊருக்கு என்ன கார் வேண்டும் என்பதை இந்த ஊரில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹூண்டாயைப் புனிதமாக்கவில்லை. அங்கேயும் தொழிற்சங்க அங்கீகாரத்துக்காகத் தொழிலாளர்கள் போராடியிருக்கிறார்கள். ஆனால் 2022 கோடையில் மறைமலை நகரில் நடந்த போராட்டம் வேறு. வேலை போவது உறுதியான பிறகு, இழப்பீட்டையாவது கூட்டிக் கொடுங்கள் என்று கேட்ட போராட்டம் அது. நாற்பது வயதில், வீட்டுக் கடனோடு, வேறு எந்த லைனில் போய் நிற்பது?

இப்போது ஃபோர்டு திரும்ப வருகிறது. 3,250 கோடி ரூபாயில் அதே மறைமலை நகரில் என்ஜின் தயாரிப்பு, 2029இல் தொடக்கம் என்று தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வரட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அரசு ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். ஆள் எடுக்கும்போது 2022இல் வெளியே போனவர்களை முதலில் கூப்பிடுங்கள். வயது வரம்பைக் காட்டி அவர்களை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்.