கால் ஆப்ஷன் பிரீமியம்: ஒரு சின்னத் திருத்தம்

கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைப் பின்னால் ஒரு குறித்த விலையில் (ஸ்டிரைக்) வாங்கும் உரிமை. அதற்கு இன்று கொடுக்கும் விலைதான் பிரீமியம். மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தை மல்லியை உதாரணம் சொன்ன அண்ணே, "பங்கு ஏற 90 சதவீத வாய்ப்பு இருந்தால் பிரீமியத்தையும் அந்தக் கணக்கில்தான் போட வேண்டும்" என்கிறீர்கள். அப்படி இல்லை. அந்த எதிர்பார்ப்பு பங்கின் இன்றைய விலையிலேயே ஏறிவிடுகிறது.

பேப்பரில் போட்டுப் பாருங்கள். பங்கு இன்று 100. தவணை முடிவில் 120 அல்லது 90. வட்டியை விட்டுவிடுவோம். 105 ஸ்டிரைக் கால் ஆப்ஷன், ஏறினால் 15 தரும், இறங்கினால் ஒன்றுமில்லை. 45 ரூபாய் கடன் வாங்கி, கைக்காசு 5 சேர்த்து அரைப் பங்கு வாங்குங்கள். ஏறினால் 60, கடன் போக 15. இறங்கினால் 45, கடனுக்கே சரி. ஆப்ஷன் தருவதும் அதே தொகைதான். எனவே விலை 5. வாய்ப்பு என்ற எண் எங்கேயும் வரவில்லை. உங்கள் கணக்கில் வரும் 13.50-க்கு யாராவது வாங்கினால், விற்றவர் அதில் 5 போட்டு இதே அரைப் பங்கை வாங்கிக்கொள்வார், மீதி 8.50 அவருக்குச் சும்மா கிடைக்கும்.

ஏற்ற இறக்கம்தான் விலையை மாற்றும்: 120, 90-க்குப் பதில் 130, 80 என்று போடுங்கள், 10 வரும். ஆப்ஷனுக்கு விலை போட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்திலும் எதிர்பார்க்கும் லாபத்துக்கு இடமில்லை. எந்த ஆப்ஷன் கால்குலேட்டரிலும் அதற்குக் கட்டம் இருக்காது.

மல்லி இதற்குப் பொருந்தாது அண்ணே. வாங்கி வைத்தால் சாயங்காலமே வாடிவிடும். இந்த முறைக்குச் சரக்கைக் கையில் வைத்திருக்க முடிய வேண்டும்.