பட்டா இருந்தால் வீடு கட்டலாமா?

பள்ளிக்கரணைப் பக்கம் மனை பார்க்கும் ஒருவருக்கு, “பட்டா இருந்தால் போதும், கட்ட அனுமதி தானாகக் கிடைத்துவிடும்” என்று இங்கே சிலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அன்புடன் மறுக்கிறேன். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு; நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்; கட்ட அனுமதி ஆகாது. அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) நிலப் பயன்பாட்டு வகைப்பாடு (குடியிருப்பு, தொழில், வேளாண்மை போன்ற பிரிவு) தீர்மானிக்கிறது. இந்த வகைப்பாட்டை வகுக்கும் அதன் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008இல் நடைமுறைக்கு வந்தது; அதில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றுக்குத் தனி விதிகளே இருக்கின்றன. அங்கே பட்டா நிலமும் அந்த விதிகளுக்கு உட்பட்டதுதான்.

பட்டாவில் ‘நன்செய்’, ‘புன்செய்’ என்றிருப்பதையும் பலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தீர்வைக்கான (நில வரிக்கான) பிரிவு, வேறு சங்கதி.

சரிபார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பட்டாவிலிருந்து கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, சிஎம்டிஏ இணையதளத்தில் நிலப் பயன்பாட்டுத் தகவல் பகுதியில் தேடுங்கள். உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே சர்வே எண்ணுக்குள் வகைப்பாடு மாறலாம். எழுத்துப்பூர்வமாக வேண்டுமென்றால் எழும்பூர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.