ஊழியம் என்ற சொல்லைப் பற்றி

சில வாரங்களுக்கு முன் எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டத்தில், ஊழியத்தில் இருப்பவர்களுக்காக விசேஷமாக ஜெபிக்கப் போகிறோம் என்று சொல்லி அவர்களை முன்னால் வரும்படி அழைத்தார்கள். பிரசங்கம் செய்கிறவர்கள், கிராம ஊழியத்துக்குப் போகிறவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழுவினர் எல்லோரும் எழுந்து போனார்கள். என் வரிசையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நால்வரும் செவிலியர்கள், அவர்களில் இருவர் அன்று காலை நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆராதனைக்கு வந்தவர்கள். எங்களை யாரும் அழைக்கவில்லை என்பதைவிட, எழுந்து போக வேண்டும் என்று எங்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் வீட்டுக்கு வந்த பிறகு என்னை வருத்தியது.

மற்ற ஊர்களில் இப்படி நடந்தால் புரிந்துகொள்ளலாம். வேலூரில் நடக்கலாமா? நம் ஊர் சி.எம்.சி.யின், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின், குறிக்கோள் வாசகமே மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்திலிருந்து எடுத்ததுதான்: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே. அந்த வாசகத்தைச் சுமக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களும், அங்கே படித்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்களும் நம் சபைகளின் பெஞ்சுகளில் நிறைந்திருக்கிறார்கள். ஆனாலும் ஊழியம் என்றால் மைக்கைப் பிடித்துப் பேசுவது, ஆஸ்பத்திரி வேலை என்றால் சம்பளத்துக்குப் போவது என்று ஒரு கோட்டை நாமே கிழித்துக்கொண்டோம்.

ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்து, பின்னாளில் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதையை நாம் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறோம். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அந்த இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்பவா என்று கேட்டபோது, அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அழைப்பு எப்படி வந்தது என்பதற்காகவே இந்தக் கதையை நாம் சொல்கிறோம். அழைப்பைக் கேட்டவர் அடுத்து என்ன செய்தார் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவர் மருத்துவம் படிக்கப் போனார். உடற்கூறும் நோயியலும் படித்து, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இங்கே திரும்பி வந்து, ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்தது. விசுவாசம் அவரைப் பாடப்புத்தகத்தின் பக்கம்தான் அனுப்பியது. கற்றுத் தேர்ந்த கையும் தேவனுக்குப் படைக்கப்பட்ட காணிக்கைதான் என்பதை அந்த வாழ்க்கையிலிருந்து நான் படித்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தபோது, தொழுநோயாளியின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். உணர்ச்சி மரத்துப்போன கையில் சூடும் காயமும் பட்டு, வலி தெரியாததால் கவனிக்கப்படாமல், புண்ணாகி, சீழ்பிடித்துத்தான் விரல்கள் போகின்றன என்பதை அவரும் அவரோடு உழைத்தவர்களும் கைகளைப் பிடித்துப் பார்த்துப் பார்த்தே கண்டறிந்தார்கள். ஊரே தொட அஞ்சிய கைகள் அவை. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகள் 1948-இல் தொடங்கின. நிமிர்ந்த கையோடு போனவருக்கும் வேலை தருவாரில்லை என்று தெரிந்ததும், தொழில் கற்றுக்கொடுக்க ஒரு மையத்தையும் அமைத்தார்கள். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இவர்களில் எவருடைய வேலையிலாவது, இதுவரை மருத்துவம், இதற்குமேல் ஊழியம் என்று பிரித்துக் காட்ட முடியுமா?

பெரியவர்களோடு என்னை ஒப்பிடுவதற்காக அல்ல, நான் அறிந்த வேலை இது ஒன்றுதான் என்பதால் என் வார்டைப் பற்றிச் சொல்கிறேன். முதுகுத்தண்டில் அடிபட்டு உணர்விழந்து கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து, உடம்பு முறுகாமல் ஒரே வீச்சில் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டு, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். பல ஆண்டுகளுக்கு முன், வேலைப் பளு மிகுந்த ஓர் இரவில், இரண்டு மணிக்குப் புரட்ட வேண்டிய ஓர் அம்மாவை நான் புரட்டவில்லை. ஆனால் புரட்டியதாகச் சார்ட்டில் எழுதினேன். குடியாத்தம் பக்கத்து நெசவாளர் குடும்பத்துப் பெண் அவர். நான்கு மணிக்குப் போனபோது அவர் விழித்திருந்து, "ஏம்மா சிஸ்டரு, நீ கொஞ்ச நேரம்கூட உக்காரலியா?" என்று என்னிடம் பரிவாகக் கேட்டார். அவரைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்த இடத்தை அழுத்தினேன், அது வெளுக்கவில்லை.

காலையில் பொறுப்பு சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவிடமும் சொன்னேன். புண் பெரிதாகாமல் ஆறியது தேவ கிருபை. அந்த வாரம் உபவாச ஜெபத்துக்கு நான் தவறாமல் போயிருந்தேன். ஆனாலும் என் விசுவாசம் நின்றதா விழுந்ததா என்பது அந்தச் சார்ட்டின் ஒற்றை வரியில்தான் தீர்மானமானது. ஆகவேதான், "ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருக்கிறாயே, எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணினாய்?" என்று சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டபோது எனக்கு வேதனையாக இருந்தது. எழுந்து நடக்க முடியாமல், நாம் கொடுக்கும் தண்ணீருக்கும் மருந்துக்கும் காத்திருக்கும் ஒருவரிடம், அவர் கேட்காமல் நம் மார்க்கத்தைப் பேசுவது அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெபிக்கும்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிற மதத்தவரும் கேட்பதுண்டு. கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு மனதார ஜெபிக்கிறேன். கேட்காதவருக்கும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுகிறேன். இரண்டும் எனக்கு ஒரே ஆராதனைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வேலையை ஊழியம் என்று மனமார ஏற்கிற சில நிர்வாகங்கள், சம்பள உயர்வைப் பற்றி வாய் திறந்தால் "இது ஊழியம் அல்லவா சிஸ்டர்?" என்கின்றன. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் இதையே சொல்லி, ஆள் குறைந்த வார்டில் இரண்டு பேர் வேலையை மாதக்கணக்கில் என் தலையில் சுமத்தினார்கள். அர்ப்பணம் என்பது செய்கிறவர் தாமாகக் கொடுப்பது. அதை இன்னொருவர் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடியாது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

எங்களையும் மேடைக்கு அழையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஷிப்ட் வேலையால் ஞாயிறு காலைத் திருவிருந்துக்கு மாதக்கணக்கில் வர முடியாதவர்கள் எங்கள் சபையிலேயே பலர். ஒழுங்காக வராதவர்கள் என்ற பட்டியலில் அவர்கள் பெயரும் வாசிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மாலை ஐந்து மணிக்கு ஒரு திருவிருந்து ஆராதனை வையுங்கள் என்று கமிட்டிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அன்று என் வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற மூவரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.